மூணு மாசத்துல முதலாளி!

உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒரு ஆசாமி நிச்சயம் இருப்பார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்ததுமே ஆரம்பித்துவிடுவார். "பாஸ், ஒரு ஐடியா இருக்கு. கேட்டா ஆடிப் போயிடுவீங்க. ஆனா வெளியே மூச்சு விடக்கூடாது!" போன மாசம் காய்கறி டெலிவரி. இந்த மாசம் தெரு நாய்க்கு ஜி.பி.எஸ்.! மூணு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டதும், பழையபடி எக்ஸெல் ஷீட்டுக்குள் போய்த் தலையை நுழைத்துக்கொள்வார்.

சிரிக்காதீர்கள். இந்த மாதிரி ஆட்களைத் தேடிப் பிடித்து, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்து, "ஓடு ராஜா!" என்று முடுக்கிவிடுவதற்கென்றே இடங்கள் இருக்கின்றன. பெயர் 'ஆக்ஸிலரேட்டர்'. பைக்கில் முறுக்குகிறோமே, அதேதான். வண்டி உங்களுடையது. பெட்ரோலும் முறுக்கலும் அவர்கள் உபயம்.

பிள்ளையார் சுழி

2005-ல் அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரில் பால் கிரஹாம், ஜெஸிகா லிவிங்ஸ்டன் உள்பட நாலு பேர் சேர்ந்து 'ஒய் காம்பினேட்டர்' என்ற ஒன்றை ஆரம்பித்தார்கள். அதுவரை முதலீட்டாளர்கள் ஒவ்வொரு கம்பெனியாகப் பார்த்துத்தான் பணம் போடுவார்கள். இவர்களோ ஸ்கூல் அட்மிஷன் மாதிரி ஒரு செட்டாகச் சேர்த்தார்கள். முதல் செட்டில் 8 கம்பெனி. மூன்று மாதம் கெடு. சின்னத் தொகை, வாரம் ஒரு முறை கூடிச் சாப்பாடு, ஏற்கெனவே ஜெயித்தவர்களின் அறிவுரை.

கடைசியில் 'டெமோ டே'. எதிரே முதலீட்டாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சில நிமிஷத்தில் கதையைச் சொல்லி மயக்க வேண்டும். கிட்டத்தட்ட பெண் பார்க்கும் படலம். என்ன... பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது!

நாற்பது டாலர் டப்பா

அங்கே 2009-ல் சேர்ந்த ஒரு கோஷ்டியின் கதையைக் கேளுங்கள். அடுத்தவர் வீட்டு அறையை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பதுதான் அவர்கள் ஐடியா. யாரும் சீந்தவில்லை. கிரெடிட் கார்டுக் கடன் கழுத்தை நெரித்தது. 2008 அதிபர் தேர்தல் சமயத்தில் ஒபாமா பெயரிலும் மெக்கெய்ன் பெயரிலும் காலை உணவு டப்பா தயார் செய்து, ஒன்று 40 டாலர் என்று விற்றுக் காலம் தள்ளினார்கள்.

கிரஹாமுக்கு அவர்கள் ஐடியா பிடிக்கவில்லை. டப்பா விற்ற சாமர்த்தியம் பிடித்துவிட்டது! 6 சதவீதப் பங்குக்கு 20,000 டாலர் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். 'உங்கள் கஸ்டமர்கள் நியூயார்க்கில் இருக்கும்போது இங்கே என்ன வேலை, அங்கே போங்கள்' என்கிற ரீதியில் விரட்டினார். போனார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி, அறைகளை அழகாகப் போட்டோ எடுத்துப் போட்டார்கள். வியாபாரம் சூடுபிடித்தது. 2020 டிசம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்ட அந்தக் கம்பெனி... ஏர்பிஎன்பி!

கவனியுங்கள். அங்கே பெரிய உதவி 20,000 டாலர் இல்லை. பிடரியில் கை வைத்துக் கஸ்டமர் வாசலில் தள்ளினார்களே, அது!

தரமணி ராக்கெட்

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னை தரமணியில் ஐ.ஐ.டி. ரிசர்ச் பார்க் 2010-ல் திறந்தது. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முன்னின்று வளர்த்த இடம். 2013-ல் இன்குபேஷன் செல் வந்தது. 'இன்குபேட்டர்' என்றால் அடைகாப்பது. ஆக்ஸிலரேட்டருக்கு அண்ணன் முறை, அவசரப்படாத அண்ணன்!

அமெரிக்காவில் நிதித் துறையில் வேலை பார்த்த ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், நண்பர் மொய்னுடனும் ஐ.ஐ.டி. பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தியுடனும் சேர்ந்து 2017-ல் ஆரம்பித்த 'அக்னிகுல்' அங்கே அடைகாக்கப்பட்டதுதான். இன்ஜினை ஒரே துண்டாக 3டி பிரிண்டரில் 'அச்சடித்தார்கள்'. ஸ்ரீஹரிகோட்டாவில் சொந்த ஏவுதளம் போட்டார்கள். கிளம்புகிற நேரத்தில் நாலு முறை ரத்து. ஐந்தாவது முயற்சியில், 2024 மே 30 காலை, ராக்கெட் கிளம்பியேவிட்டது!

மொபைல் ஆப் என்றால் மூணு மாசக் கெடு சரிப்படும். ராக்கெட்டுக்குப் பொறுமையும் லேபும் வாத்தியாரும் வேணும். உங்கள் சரக்கு எந்த ஜாதி என்று பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

சென்னைக்கு மூட்டை கட்ட வேண்டும் என்பதும் இல்லை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டி.என். அமைப்பு மதுரை, ஈரோடு, திருநெல்வேலி என்று வட்டார மையங்கள் திறந்திருக்கிறது. அதன் 'டான்சீட்' திட்டத்தில் தேர்வாகிற கம்பெனிகளுக்கு 10 லட்சம் ரூபாயிலிருந்து ஆரம்ப நிதி உண்டு.

கணக்குப் பிள்ளை பேசுகிறேன்

ஒரு உதாரணம். யாரோ 10 லட்சம் கொடுத்து 3 சதவீதப் பங்கு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் உங்கள் கம்பெனியின் மதிப்பு சுமார் 3 கோடியே 33 லட்சம்! பேப்பரில் கோடீஸ்வரர்... பஸ்ஸில் அதே ஃபுட்போர்டு.

மாசம் ஒண்ணேகால் லட்சம் செலவு என்றால் அந்தப் பத்து லட்சம் எட்டே மாசத்தில் காலி. அப்புறம் வருகிற முதலீட்டாளர் 20 சதவீதம் கேட்டால், உங்கள் 97 சதவீதம் 77.6 ஆகிவிடும். தப்பில்லை. பெரிய தோசையில் சின்னத் துண்டு, சின்ன தோசை முழுசையும்விட அதிகமாக இருக்கலாம். தோசை பெரிசாகணுமே, அதுதான் கேள்வி.

கையெழுத்துக்கு முன்னால்

ஏற்கெனவே அந்த இடத்தில் படித்துத் தேறியவர்களிடம் பேசுங்கள். முக்கியமாக, கடையை மூடியவர்களிடம். ஜெயித்தவர் வாழ்த்துப் பா பாடுவார். தோற்றவர்தான் உள்ளதைச் சொல்வார்.

"முதல்ல நீங்க பணம் கட்டுங்க, முதலீட்டாளரைக் காட்டறோம்" என்றால் உஷார்! உங்கள் வளர்ச்சியில் பங்கு கேட்கிறவருக்கு உங்கள் மேல் அக்கறை இருக்கும். ஃபீஸ் மட்டும் கேட்கிறவருக்கு ஃபீஸ் மேல்தான் அக்கறை.

பல ஆக்ஸிலரேட்டர்கள் முழு நேரமும் வரச் சொல்வார்கள். அதாவது சம்பளம் கட். வீட்டு வாடகை, பைக் இ.எம்.ஐ., தங்கச்சி காலேஜ் ஃபீஸ்... இதெல்லாம் 'டெமோ டே' வரை காத்திருக்காது. ஒரு வருஷ வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டில் வாய் விட்டுச் சொல்லிவிடுங்கள். அதை மறைத்துவிட்டு ஆரம்பிக்கிற கம்பெனிக்கு முதல் எதிரி வீட்டுக்குள்ளேயே இருப்பார்!

இன்னொன்று. ராஜினாமா கடிதம் டைப் அடிப்பதற்கு முன்னால், சனி ஞாயிறு லீவில் பத்து பேரைப் பார்த்து உங்கள் சரக்கை விற்றுப் பாருங்கள். "சூப்பர் ஐடியா சார்!" என்று முதுகில் தட்டுகிறவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பர்ஸைத் திறக்கிறவர்களை மட்டும் எண்ணுங்கள்.

மூணு பேர் தேறினால்கூடப் போதும்... விண்ணப்பத்தைப் போடுங்கள். தேறலையா? ஒண்ணும் குடிமுழுகிப் போகவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் இருக்கு, அடுத்த ஐடியாவுக்கு அதுதான் பெட்ரோல்!