தனித்து நிற்கும் மின்சாரம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா என்றொரு துறைமுக நகரம் உண்டு. 1929-ஆம் ஆண்டில் அங்கே மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நீர்மின் நிலையங்கள் தளர்ந்தன. அப்பொழுது 'லெக்சிங்டன்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் அந்நகரத் துறைக்கு வந்து நின்றது. அதன் டர்பைன்கள் மின்சாரத்தை உண்டாக்கும். அம்மின்சாரத்தால் இயங்கும் மோட்டார்களே கப்பலைச் செலுத்தும். அதே மின்சாரம் இப்பொழுது கம்பி வழியே கரையேறிற்று. 1930 ஜனவரி நடுப்பகுதி வரை, ஏறத்தாழ ஒரு மாத காலத்தில், 40 லட்சம் யூனிட்டுக்கு மேல் அக்கப்பல் நகருக்கு வழங்கியது.

அன்று கப்பல் கரைக்குக் கொடுத்தது மின்சாரம். இன்று கப்பலும் கரையும் ஒன்றுக்கொன்று கொடுத்துப் பெறுவது அறிவு. மாணவ நேயர்களே, அதனையே இன்று விளக்க விரும்புகிறேன்.

மின்சாரம் உண்டாகும் அளவும் செலவாகும் அளவும் கணந்தோறும் சமமாக இருத்தல் வேண்டும். செலவு மிகுந்தால் ஜெனரேட்டரின் வேகம் குறையும். மின்னோட்டத்தின் அதிர்வெண்ணும் உடன் தாழும். நாடளாவிய மின்தொடரில் எண்ணற்ற யந்திரங்கள் ஒன்றாகச் சுழல்வதால் ஒன்று நின்றாலும் பெரிதாகத் தெரிவதில்லை. ஆயிரம் பேர் வடம் பிடித்த தேரில் ஒருவர் கைவிட்டால் தேர் நிற்பதில்லை. நால்வர் சுமக்கும் பல்லக்கிலோ ஒரு தோள் விலகினால் பல்லக்கே சாயும். நடுக்கடலில் செல்லும் கப்பல் அத்தகைய பல்லக்கு. பெருந்தொடரினின்று பிரிந்து தன் காலில் நிற்கும் சிறு மின்தொடரும், அதாவது மைக்ரோகிரிட்டும், அத்தகையதே.

ஆகவே இரண்டிற்கும் மருந்தும் ஒன்றே. முதலாவது, எதனை முதலில் நிறுத்துவது, எதனை இறுதி வரை காப்பது என்று முன்னரே வரிசை வகுத்தல். கப்பலில் குளிர்சாதனம் நிற்கலாம், சுக்கான் நிற்கலாகாது. இரண்டாவது, யந்திரம் தடுமாறும் கணத்தில் தோள் கொடுக்கும் பாட்டரிகள். மூன்றாவது, பழுதுற்ற பகுதியை நொடிப்பொழுதில் துண்டித்து எஞ்சியதை வாழவைக்கும் காப்புக் கருவிகள்.

ஜப்பானில் செண்டாய் நகரத்துப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் இத்தகைய மைக்ரோகிரிட் இருந்தது. 2011 மார்ச் 11-ஆம் நாள் பெரும் பூகம்பத்தில் நகரமே இருண்டது. வளாகத்தின் எரிவாயு யந்திரங்களும் நின்றன. ஆயினும் பாட்டரிகளும் சூரிய மின்தகடுகளும் மிக இன்றியமையாத கருவிகளுக்கு மின்சாரம் தந்தன. மறுநாள் யந்திரங்கள் மீண்டும் இயங்கவே, அங்கிருந்த மருத்துவமனைக்கும் மின்சாரம் கிடைத்தது.

இதன் மறுபக்கத்தையும் நாம் அறிதல் வேண்டும். 2024 மார்ச் 26 அன்று, பால்டிமோர் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட 'டாலி' என்னும் சரக்குக் கப்பலில் மின்சாரம் சில நிமிடங்களில் இரு முறை அற்றது. வழி திருப்ப இயலாத கப்பல் பாலத்தின் தூணில் மோதிற்று. பாலம் வீழ்ந்தது, அதன்மேல் பணிபுரிந்த அறுவர் மாண்டனர். முதல் தடைக்குக் காரணம் ஒரு சிறு கம்பியின் தளர்ந்த இணைப்பே என 2025-இல் விசாரணை கண்டறிந்தது.

தனித்து நிற்பதற்கு வலிமை மட்டும் போதாது. ஒவ்வோர் இணைப்பிலும் விழிப்பு வேண்டும். நாளை ஒரு கப்பலிலோ மருத்துவமனையிலோ திருப்புளியைக் கையில் எடுக்கப்போகும் மாணவர் இதனை மறவாதிருப்பாராக.