பழைய செய்தித்தாள் சொன்ன சாட்சி

போதைப்பொருள் கடத்துகிறவனுக்குத் துப்பாக்கியைவிடப் பெரிய துணை ஒன்று உண்டு. அதுதான் ஊரில் நல்ல பெயர். அந்தப் பெயரை வாங்கித் தருபவர்கள் அரசியல்வாதிகளும் அதிகாரிகளும். இந்தக் கூட்டைப் பத்திரிகையால் உடைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நான் கொலம்பியாவைத்தான் எடுத்துக்காட்டுவேன்.

1982-இல் பாப்லோ எஸ்கோபார் அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு மாற்று உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மெடலின் நகரத்து ஏழைகளுக்கு வீடு கட்டித் தந்த வள்ளல் என்று பேர். உறுப்பினர் என்பதால் சட்டப் பாதுகாப்பும் இருந்தது. 1983-இல் நீதி அமைச்சர் ரோட்ரிகோ லாரா பொனியா அவர்மீது குற்றம் சாட்டியபோது, ஆதாரம் எங்கே என்று எதிர்க்கேள்வி வந்தது.

ஆதாரம் தலைநகர் பொகோட்டாவில், ‘எல் எஸ்பெக்டடோர்’ நாளிதழின் பழைய கட்டுகளுக்குள் இருந்தது. 1976-இல் கொக்கெயின் வழக்கில் எஸ்கோபார் கைதான செய்தியை ஆசிரியர் கியெர்மோ கானோ தேடியெடுத்து, 1983 ஆகஸ்டு 25 அன்று மீண்டும் அச்சிட்டார். மெடலினில் எஸ்கோபாரின் ஆட்கள் அந்த இதழ்களை மொத்தமாக வாங்கி மறைக்கப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அவ்வாண்டே அவருடைய சட்டப் பாதுகாப்பு பறிபோயிற்று. 1984 தொடக்கத்தில் அரசியலைவிட்டு விலகினார்.

கானோ வெளியிட்டது ஏழாண்டுப் பழைய செய்தி. இத்தகைய கூட்டணிகள் மக்களின் மறதியை நம்பியே நடக்கின்றன. கோப்பு தொலையலாம், சாட்சி மாறலாம். ஆனால் ஊரெங்கும் விற்ற பத்திரிகையை யாரும் திரும்பப் பெற முடியாது.

அதற்குக் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1984 ஏப்ரல் 30 அன்று லாரா பொனியா கொல்லப்பட்டார். 1986 டிசம்பர் 17 அன்று பத்திரிகை அலுவலகத்துக்கு வெளியே, மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் கானோவைச் சுட்டுக் கொன்றார்கள். 1989 செப்டம்பர் 2 அன்று லாரியில் வைத்த வெடிகுண்டு அலுவலகத்தைச் சிதைத்தது. மறுநாளும் பத்திரிகை வெளிவந்தது!

1997 முதல் யுனெஸ்கோ கானோ பெயரால் பத்திரிகைச் சுதந்திரப் பரிசு வழங்கி வருகிறது. 2009-இல் அது, அவ்வாண்டு ஜனவரியில் கொல்லப்பட்ட இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு அளிக்கப்பட்டது.

பிழைக்க வந்த இடத்தில் உள்ளூர் விவகாரம் நமக்கெதற்கு என்று நம்மில் பலர் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் போதைப் பொட்டலம் விற்கிறவன் நம் பிள்ளையின் தாய்மொழியைக் கேட்டு விற்பதில்லை. அந்தந்த ஊர் மொழிப் பத்திரிகை ஒன்றையும் வீட்டில் வாங்குவோம். நம்மைவிட நம் பிள்ளைகள் அதை நன்றாகவே வாசிப்பார்கள். முக்கியமான செய்திகளைக் கத்தரித்துச் சங்க நூலகத்தில் தேதியிட்டுச் சேர்த்து வைக்கலாம் என்பது என் யோசனை. ஏழாண்டு கழித்து யாருக்காவது உதவும்.