10,080 காரணிகள் கொண்ட எண்

சிங்கம்புணரிக் கயிற்றுக் கடையில் 60 கயிறு இருந்தால் 2, 3, 4, 5, 6 பேருக்கு மிச்சமில்லாமல் பங்கு வைக்கலாம். 60-க்கு 12 காரணிகள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது. இப்படிப்பட்ட எண்களைப் பற்றி, ஈரோட்டில் பிறந்த கணித மேதை இராமானுஜன் 1915-இல் லண்டனில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்.

அதில் அவர் தந்த பட்டியலின் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. காரணிகள் 10,080! 2-ஐ ஆறு தடவை, 3-ஐ நான்கு தடவை, 5-ஐயும் 7-ஐயும் இரண்டிரண்டு தடவை, பிறகு 11, 13, 17, 19, 23 என ஒவ்வொரு தடவை பெருக்குங்கள், வந்துவிடும். கணினி இல்லாத காலத்துக் கணக்கு, நினைத்தாலே மலைப்பு!

அந்த 23-ஐ மட்டும் விட்டுவிட்டால் கிடைப்பதும் இதே வகை எண்தான், காரணிகள் 5,040. அவ்வளவு நீளமான பட்டியலில் இராமானுஜன் கண்ணுக்குத் தப்பிய எண் அது.