பழைய மைனருக்குப் புதுக்கோலம்

நற்பிட்டிமுனையில் எங்கள் ஒழுங்கையின் முகப்பிலே, மரநிழலில், ஒரு பழைய மொறிஸ் மைனர் சில வாரங்களாக நிற்கின்றது. என்னிடம் கற்ற மாணவனொருவனுக்குப் பாட்டனார் விட்டுச்சென்ற சொத்து அது. முன்கண்ணாடி நடுவே இரண்டாகப் பிரிந்திருக்கும் 1954ஆம் ஆண்டுக் கார். எஞ்சின் 803 சீ.சீ.

"சேர், மெரூன் நிறம் அடிச்சு, 1098 எஞ்சின் போட்டு, முன்பக்கத்தையும் கொஞ்சம் பதிச்சு விட்டால் எப்படி இருக்கும்?" என்று ஒருநாள் கேட்டான்.

ஆசையில் தவறில்லை. 2020இல் நிறுத்தப்பெற்ற மோட்டார் வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் நம்மவர் பலரும் பழைய கார்களின் அருமையை உணர்ந்துகொண்டனர்.

மேலும், வெட்டி ஒட்டுதல் மைனருக்குப் பிறவிக்குணம். அதனை வகுத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் கார் ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நெடுக்காக இரண்டாய் அறுப்பித்து, கண்ணுக்குப் பிடிக்கும்வரை இரு பாதிகளையும் விலக்கிப் பார்த்தார். அகலம் 4 அங்குலம் கூடியது. 1948இல் வெளிவந்த கார்களில் பம்பரின் நடுவே வைத்த ஒட்டுத்துண்டு அந்த அறுவையின் தழும்பேயாகும். அழகுக்காகச் செய்த அம்மாற்றத்தால் காரின் நிலைப்பும் மேம்பட்டது.

மாணவனின் காரில் நான் முதலிற் பார்த்தது வர்ணத்தை அன்று. கதவுகளின் கீழே பெட்டிபோல் ஓடும் அடிப்பகுதியைத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டினேன். 'டங்' என்று ஒலிக்கவேண்டிய இடம் 'தொப்' என்றது; ஒரு கைப்பிடிப் பட்டி உதிர்ந்தது. லொறிக்குப் போல இக்காருக்குத் தனிச்சட்டம் கிடையாது, உடலே சட்டம். கடற்காற்றில் இத்தகரம் உக்கிவிட்டால், மேலே எத்தனை பூச்சுப் பூசினும் கார் முதுகெலும்பற்றதே. துருவை வெட்டியெறிந்து புதுத்தகரம் ஒட்டுவிப்பதே அலங்காரத்தின் முதற்படி. இந்த ஒட்டுவேலையைத் தேர்ந்த கைகளிடம் விடுதல் நன்று. சுரண்டுவதும் தேய்ப்பதும் பூசுவதும் வீட்டிலே ஆகக்கூடியன.

இனி எஞ்சின். 803 தருவது 30 குதிரைவலு. 1962இல் வந்த 1098 தருவது 48. இரண்டும் ஒரே குடும்பத்தவை. ஆதலின் மாற்றுதல் இயலும். ஆயின் பழைய பின்னச்சின் பல்விகிதம் 5க்கு மேற்பட்டது. 1098 காருக்கோ 4.22. அச்சை மாற்றாது எஞ்சினை மட்டும் மாற்றினால் ஏற்றத்தில் துள்ளும், சமவெளியில் அலறும். அதனினும் பெரிது பிறேக். பழைய காரின் முன்சில்லுகளில் உள்ளவை 7 அங்குல டிரம்கள். 1098 எஞ்சினைப் பூட்டிய தொழிற்சாலையே அதனுடன் 8 அங்குல டிரம்களையும் பூட்டியது. நம் இளைஞர் எஞ்சினை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகின்றனர்!

கிட்டங்கி வீதியால் மாரியிற் சென்றவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வெள்ளத்தில் நனைந்த டிரம் பிறேக் பிடிக்காது. கரையேறியதும் பெடலை மெல்ல அழுத்தியவாறு சிறிது தூரம் ஊர்ந்து உலர்த்தவேண்டும். அவ்வீதியில் ஓடும் காரின் முன்பக்கத்தைப் பதிப்பது யாருக்கு அழகோ, நானறியேன்.

இன்னுமொன்று. முன்சில்லைத் தாங்கித் திரும்பும் திருகுமூட்டு கிறீஸ் காணாவிடின் தேய்ந்து கழன்றுவிடும். சில்லு மடிந்து கார் முழந்தாளிடும். என் சொந்த மைனரே ஒருமுறை அவ்வாறு விழுந்தது. நல்லவேளை, வளவுக்குள் திருப்பும்போது. 1,000 மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்கவேண்டிய அவ்விடத்தை நான் ஓராண்டாய்த் தொடவேயில்லை.

செய்யத்தக்க சிறுவேலைகளும் உள. கதவோரத்திலிருந்து எழும் பழைய கைகாட்டியைப் பின்னே வரும் முச்சக்கரவண்டிக்காரன் கவனிப்பதில்லை. மின்னும் சமிக்ஞை விளக்குகள் கட்டாயம் வேண்டும். டைனமோவுக்குப் பதில் ஓல்டநேற்றர் பூட்டினால் இரவில் வெளிச்சம் மங்காது. ஆனால் இக்காரில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்துள்ளது. அதனை முதலில் மாற்றாவிடின் புதுப்பொருள் புகைந்துபோகும். எஞ்சினை மாற்றினாலும் நிறத்தை மாற்றினாலும் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்துவிக்க மறவற்க. பிரிந்த கண்ணாடியை மட்டும் தொடவேண்டாமென்று அவனை வேண்டிக்கொண்டேன். 1956க்குப் பின் வந்த மைனர்களில் அந்த முகம் இல்லை.

சென்ற ஞாயிறு அவ்வழியே போனேன். மெரூன் வர்ணத் தகரப்பேணி திறக்கப்படாமல் திண்ணையில் இருந்தது. காரின் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. "சேர், அந்தக் கிறீஸ் நிப்பிள் எந்தப் பக்கம்?" என்று ஒரு குரல் வந்தது.