கேளாமல் வரும் யோசனைகள்

கொல்கத்தாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், மண்டபத்துக்கு அடுத்தபடியாக எழும் கவலை தமிழ்ப் பத்திரிகையை யாரிடம் அச்சிடுவது என்பதுதான். ஸியால்தாவை அடுத்த பைட்டக்கானா கடைத்தெருவில் அழகிய அட்டைகளுக்கும் காகிதத்துக்கும் குறைவே இல்லை. ஆனால் அங்கே கணிப்பொறியின் முன் அமர்ந்திருக்கும் வங்க இளைஞருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பது நியாயமன்று. ஆகவே வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரே கோரல் டிராவிலோ இன்டிசைனிலோ பத்திரிகையை அமைத்து, கோப்பாக எடுத்துச் சென்று கொடுப்பது பல இல்லங்களில் வழக்கமாகியிருக்கிறது. சங்கத்து மலர்களையும் நிகழ்ச்சி நிரல்களையும் ஆக்குவோர் நிலையும் இதுவே.

இவ்வாறு பழகிய மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய அன்றுதான் தொல்லை தொடங்குகிறது. திறந்தவுடன் ஒரு வரவேற்புத் திரை. அம்புக்குறியை ஒரு கருவியின் மேல் வைத்தால் அதன் பயனை விளக்கும் ஒரு பெட்டி. படத்தைத் தொட்டால் அடுத்து என்ன செய்யலாம் என்று கூறும் ஒரு பட்டை. போதாக்குறைக்கு, செயற்கை நுண்ணறிவு தானே வந்து, உமது நீண்ட ஆவணத்தைச் சுருக்கித் தரட்டுமா என்று வினவுகிறது. புது மருமகனை விருந்தில் உபசரிப்பதுபோல் ஒரு கவளம் உண்பதற்குள் மூன்று முறை வந்து விசாரித்தால் பசியே போய்விடும் அல்லவா?

இவற்றையெல்லாம் பழைய பதிப்பில் நிறுத்தி வைத்திருந்தோமே, இப்போது எங்கிருந்து முளைத்தன என்று பலர் வியக்கின்றனர். காரணம் எளியது. நாம் செய்து வைத்த விருப்ப அமைப்புகளைப் பதிப்புக்குப் பதிப்பு தனியானதோர் இடத்தில் மென்பொருள் சேமிக்கிறது. புதிய பதிப்பு, பழைய வீட்டின் அலமாரியைத் தன்னுடன் கொண்டு வருவதில்லை. சில மென்பொருள்கள் கொண்டு வரட்டுமா என்று கேட்கின்றன, அப்போதும் எல்லாம் வந்து சேர்வதில்லை. மேலும் புதிதாகச் சேர்த்த வசதிகள் கண்ணில் பட வேண்டும் என்பது விற்பவரின் ஆசை. ஆகையால் அவை யாவும் விழித்த நிலையிலேயே வந்து சேர்கின்றன.

கேளாமல் யோசனை கூறும் இவ்வழக்கத்துக்கு மூதாதை ஒருவர் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனம் ஆபீஸ் 97 என்னும் தொகுப்பில், கண் சிமிட்டும் காகித ஊக்கு ஒன்றை உதவியாளராக அமர்த்தியது. யாரேனும் கடிதம் எழுதத் தொடங்கினால், கடிதம் எழுதுகிறீர்கள் போலிருக்கிறதே, உதவட்டுமா என்று அது முன்வந்து நிற்கும். உலகெங்கும் அதற்குக் கிடைத்த ஏச்சு கொஞ்சநஞ்சமன்று. 2001-இல் வந்த பதிப்பில் அது உறங்கும் நிலையில் வைக்கப்பட்டது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது. நீங்கியது உருவம்தான், குணம் நீங்கவில்லை.

நிற்க. வெறும் தொல்லையாக மட்டும் இருந்தால் இதைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. தமிழில் வேலை செய்வோருக்கு இதிலே ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது.

நம்மில் பலர் இன்றும் 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்களையே கையாளுகிறோம். அவ்வகை எழுத்துருக்களில் தமிழ் எழுத்து என்பது கண்ணுக்குத் தெரியும் முகமூடிதான். உள்ளே கணிப்பொறி வைத்திருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் 'த' என்பது உண்மையில் சிறிய 'ஜே'. 'து' என்பது பெரிய 'ஜே'. சிறிய 'எம்' நமக்கு 'அ'. பெரிய 'எம்' 'ஆ'. சிறிய 'எப்' 'க'. பெரிய 'எப்' 'கு'. ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்குவது இலக்கணம் என்பதால், தட்டச்சு செய்யும்போதே அதைத் திருத்தித் தரும் வசதி கோரல் டிராவிலும் வேர்டு மென்பொருளிலும் அமைந்திருக்கிறது. அது விழித்திருக்கும் கணிப்பொறியில் பாமினியில் 'தமிழ்' என்று தொடங்கினால் என்ன நேரும்? 'துமிழ்' என்று ஆகும். 'அன்புடையீர்' என்பது 'ஆன்புடையீர்' ஆகும். 'மணமகன்' 'முணமகன்' ஆவார். மணமகள் பெயர் கமலா என்று கொள்வோம். அது வரியின் முதற்சொல்லாக நின்றால், 'குமலா' என்று அச்சேறும்! பத்திரிகையில் ஒவ்வொரு வரியும் தனிப்பத்தியாக அமைவதால் இவ்விபத்துக்கு இடம் அதிகம். தலைப்பெழுத்துக்குப் பின் இடும் புள்ளியையும் வாக்கியம் முடிந்ததாக அக்கருவி எண்ணிக்கொள்ளக் கூடும். தமிழறியாத அச்சக நண்பருக்கோ 'க'வும் 'கு'வும் ஒன்றுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆதலின் புதிய பதிப்பை நிறுவியவுடன், வேறெதையும் தொடுமுன் செய்ய வேண்டிய காரியம் இது. கோரல் டிராவில் விருப்பங்கள் பகுதியில் எழுத்துப் பற்றிய பக்கத்தில் 'குயிக் கரெக்ட்' என்றிருக்கும். வேர்டில் 'ஆட்டோ கரெக்ட்'. அங்கே முதலெழுத்தைப் பெரிதாக்குவது, தொடர்ந்து வரும் இரு பெரிய எழுத்துகளில் ஒன்றைச் சிறிதாக்குவது, கிழமைப் பெயர்களைத் திருத்துவது ஆகிய குறிகள் அனைத்தையும் எடுத்துவிட வேண்டும். பிறகு 'அன்புடையீர்' என்று ஒரு முறை அடித்துப் பார்த்தால் போதும், பரீட்சை முடிந்தது.

வரவேற்புத் திரை, விளக்கப் பெட்டி, யோசனைப் பட்டை ஆகியவற்றைத் தயக்கமின்றி அணைக்கலாம். இன்டிசைனில் வரவேற்புத் திரைக்குரிய குறி பொது விருப்பங்களிலேயே இருக்கிறது. யோசனைப் பட்டையைச் சாளரப் பட்டியலிலிருந்து மறைத்துவிடலாம். இதிலே நஷ்டம் ஒன்றுமில்லை.

ஆனால் எழுத்துரு காணவில்லை என்று அறிவிக்கும் பெட்டியை அவ்வாறு கருதுவது பெரும் பிழை. பழைய கோப்பைத் திறக்கும்போது, அதற்குரிய எழுத்துரு கணிப்பொறியில் இல்லையென்றால், வேறொன்றை அதன் இடத்தில் வைக்கட்டுமா என்று மென்பொருள் கேட்கும். இந்த மாற்றத்தைத் தற்காலிகமாகச் செய்வதா, நிரந்தரமாகச் செய்வதா என்ற வினாவும் கோரல் டிராவில் வருவதுண்டு. அவசரத்தில் சரி என்று அமுக்கிக் கோப்பையும் சேமித்துவிட்டால், எந்தப் பகுதி எந்த எழுத்துருவில் இருந்தது என்ற அடையாளமே அழிந்து போகும். பல்வேறு பழைய எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று வேறான முறையில் அமைந்தவை; ஆதலால் பிறகு மீட்பது எளிதன்று. இப்பெட்டி வந்தால் தற்காலிகம் என்பதையே தேர்ந்து, எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு, கோப்பைச் சேமிக்காமல் மூடுவதே உசிதம்.

அண்மையில் நிகழ்ந்த ஒன்று இதற்குச் சான்று. 'டைப் 1' என்ற பழைய வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை நிறுத்தப் போவதாக அடோபி நிறுவனம் முன்னரே அறிவித்தது. இன்டிசைனில் அவ்வகை எழுத்துரு உள்ள கோப்பைத் திறந்தபோதெல்லாம் ஓர் எச்சரிக்கையும் காட்டப்பட்டது. நூறு பெட்டிகளில் நூற்றோராவது பெட்டியாக அதையும் மூடியவர்கள் எத்தனையோ பேர். 2021-இல் போட்டோஷாப்பிலும், 2023 ஜனவரியில் மற்றவற்றிலும் ஆதரவு நின்றது. அதன் பிறகு அந்த எழுத்துருக்கள் கணிப்பொறியிலே இருந்தும் இல்லாதவையாயின. தேவையற்ற அறிவிப்புகள் பெருகியதால் தேவையான அறிவிப்பின் குரல் கேட்காமல் போயிற்று என்பதே எனது துணிபு. ஆகவே எச்சரிக்கைகளை ஒட்டுமொத்தமாக அணைக்கும்படி நண்பர்கள் சொல்லும் ஆலோசனையை நான் ஏற்பதில்லை. கண்ணை மூடி அணைத்துவிட்டவர்கள், இன்டிசைனின் பொது விருப்பங்களில் எச்சரிக்கைகளைப் பழைய நிலைக்குக் கொணரும் பொத்தான் உண்டு என்பதை அறிந்திருக்கட்டும்.

இன்னொரு வேடிக்கை. எங்கே குரல் எழுப்ப வேண்டுமோ அங்கே இக்கருவிகள் மௌனம் சாதிக்கின்றன. தமிழுக்கு யூனிகோடில் 1991-இலேயே இடம் கிடைத்தது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதை ஏற்றது. ஆயினும் யூனிகோடு தமிழை ஒழுங்காகக் கோக்கும் வசதி இன்டிசைனுக்கு வந்தது 2012-இல் வெளியான சி.எஸ். 6 பதிப்பில்தான். அதுவும், பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தால்தான் நடக்கும். தேராவிட்டால் 'கெ' என்பதில் கொம்பு முன்னே வராமல் பின்னே ஒட்டிக்கொள்ளும். இதைப் பற்றி ஒரு பெட்டியும் தோன்றாது, ஒரு மணியும் அடிக்காது. புதிய பதிப்பில் முதல் ஆவணத்தைத் திறக்குமுன் இதனையும் நாமேதான் நினைவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இது நமக்கு மட்டும் உரிய சங்கடமன்று. நம் அண்டைவீட்டு வங்காளிகளும் 'பிஜய்' போன்ற பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாறுகையில் இதே இன்னலுக்கு உள்ளாகியிருக்கின்றனர். எழுத்து வார்ப்பதில் இந்த வட்டாரம் பெயர் பெற்றது. 1778-இல் ஹூக்ளியில் அச்சான ஹால்ஹெட் இலக்கண நூலுக்கு வங்க எழுத்துகளை வில்கின்ஸும் பஞ்சானன் கர்மகாரும் உருவாக்கினர். அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சாகிவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் நமக்குச் சிறிது பெருமை உண்டு! ஈய எழுத்து ஒன்றேனும் கேளாமல் தன்னை மாற்றிக்கொண்டதில்லை.

பழைய கணிப்பொறியை விலைக்குப் போடுமுன் அன்பர்கள் ஒன்று செய்யலாம். அதில் உள்ள பத்திரிகைகளையும் மலர்களையும், எழுத்துருக்கள் ஒழுங்காக இருக்கும்போதே ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்துரு உள்ளடங்கிய பி.டி.எப். கோப்பாகச் சேமிக்க வேண்டும். எழுத்துருக் கோப்புகளையும் தனியே ஓர் உறையில் பிரதி எடுத்து வைத்தல் நலம். அச்சகத்துக்குக் கொடுக்கும் கோரல் டிராக் கோப்பில் எழுத்தை வளைகோடாக மாற்றிய பிரதியையே கொடுக்க வேண்டும். அதில் எந்தப் பதிப்பும் எழுத்துரு கேட்காது. ஆனால் பிழை திருத்த இயலாது என்பதால் மாற்றாத மூலமும் நம்மிடம் இருக்கட்டும். யூனிகோடுக்கு மாற்றிய பிரதியை, தமிழ் படிக்கத் தெரிந்த இருவர், ஒருவர் வாசிக்க மற்றவர் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்புநோக்கிச் சரிபார்ப்பது நல்லது. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தில் சற்று அதிகமாகக் கண் வைக்கவும்.