யாரும் பார்க்காத கோளுக்கு மலேசியப் பெயர்: 'பைடூரி'யைக் கண்டுபிடித்தது எப்படி?

வானத்தில் மலேசியா பெயர் வைத்த ஒரு நட்சத்திரம் இருக்கிறது. பெயர் இந்தான். அதைச் சுற்றி வரும் கோள் பைடூரி. மலாய் மொழியில் இந்தான் என்றால் வைரம், பைடூரி என்றால் ஓப்பல் கல். நம்ம 'வைடூரியம்' வந்த அதே சமஸ்கிருதச் சொல்தான் பைடூரிக்கும் மூலம். அனைத்துலக வானியல் ஒன்றியம் தன் நூற்றாண்டையொட்டி நடத்திய பெயர் சூட்டும் திட்டத்தில், 2019 டிசம்பரில் இந்தப் பெயர்கள் அறிவிக்கப்பட்டன.

ஆனால் பைடூரியை இதுவரை யாரும் நேரில் பார்த்ததில்லை. அப்புறம் எப்படி கண்டுபிடிச்சாங்க?

ஏன் தெரியவில்லை?

இந்தான் 150 ஒளியாண்டுகளுக்கு அப்பால் உள்ளது. செராஸ் கால்பந்து அரங்கத்தின் மின்விளக்கு ஓரத்தில் பறக்கும் மின்மினியைப் பூச்சோங்கில் இருந்து தேடுவது போலத்தான். நட்சத்திரத்தின் வெளிச்சம் கோளை மறைத்துவிடும்.

ஆம்புலன்ஸ் சொல்லும் பாடம்

அதனால் விஞ்ஞானிகள் நட்சத்திரத்தையே கவனிக்கிறார்கள். நட்சத்திரம் கோளை இழுப்பது போல, கோளும் நட்சத்திரத்தை இழுக்கிறது. நட்சத்திரம் லேசாக ஆடுகிறது.

செராஸ் சாலையில் ஆம்புலன்ஸ் நெருங்கும்போது சைரன் கூர்மையாகக் கேட்கும், கடந்து போனதும் ஒலி தணியும். ஒளியும் அப்படித்தான். நட்சத்திரம் நம்மை நோக்கி வந்தால் ஒளி நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும்.

சிலியின் லா சில்லா ஆய்வுக்கூடத்தில் உள்ள 'ஹார்ப்ஸ்' கருவி இதை அளந்தது. கோள் 2008-இல் அறிவிக்கப்பட்டது. இந்தானின் ஆட்டம் விநாடிக்குச் சுமார் 100 மீட்டர், ஒரு சுற்றுக்கு 381 நாள். பாதையோ நீள்வட்டம்: சூரியனுக்குப் புதன் இருப்பதைவிட நெருக்கமாக வந்து, பிறகு செவ்வாயைவிடத் தூரம் போகிறது பைடூரி.

இன்னொரு வழி

2012 ஜூன் 6-ஆம் தேதி வெள்ளி சூரியனைக் கடந்தபோது ஒரு கரும்புள்ளி நகர்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அதுபோல ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போனால் வெளிச்சம் கொஞ்சம் குறையும். நாசாவின் கெப்ளர் தொலைநோக்கி இப்படியே 2,600-க்கும் அதிகமான கோள்களைக் கண்டுபிடித்தது. உறுதியான கோள்களின் எண்ணிக்கை 2025-இல் 6,000-ஐத் தாண்டிவிட்டது.

சிக்கல் எங்கே?

ஆட்டத்தை வைத்துக் குறைந்தபட்ச எடையை மட்டுமே சொல்ல முடியும். பைடூரி வியாழனைப் போல் சுமார் இரண்டு மடங்கு, அல்லது அதற்கும் மேல். பாதையின் சாய்வு தெரியாததே காரணம். குறுக்கே கடக்கும் கோளில் அளவும் தெரியும். எடை, அளவு இரண்டும் கிடைத்தால்தான் அது பாறையா, வாயுவா என்று சொல்லலாம்.

வியாழன் சூரியனை விநாடிக்குச் சுமார் 12 மீட்டர் வேகத்தில் ஆட்டுகிறது, பூமியோ வெறும் 9 சென்டிமீட்டர். ஹார்ப்ஸ் பிடிக்கக்கூடியது சுமார் ஒரு மீட்டர். இன்னொரு பூமி இன்னும் கைக்கு எட்டாததற்கு இதுவே முக்கியக் காரணம்.

நாம் பார்க்கலாமா?

பைடூரியை முடியாது. இந்தானும் வெறும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நகர விளக்குகளைத் தாண்டிப் போய், டிசம்பர் இரவில் தெற்கு வானில் ஃபோர்னாக்ஸ் விண்மீன் கூட்டத்தை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பினால், இந்தானைப் பிடித்துவிடலாம்.