மணிக்கட்டில் ஒரு வாயில்

நாடி பார்க்க விரல் வைக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே துடிப்பது தமனி; அதற்குச் சற்று அருகே தோலுக்கடியில் ஓடுவது சிரை. சிறுநீரகம் செயலிழந்த பலரின் வாழ்நாள், இவ்விரண்டையும் இணைக்கும் சிறு தையலைப் பொறுத்தே நீள்கிறது.

நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943ஆம் ஆண்டிலேயே குருதியைத் தூய்மையாக்கும் டயாலிசிஸ் பொறியை உருவாக்கிவிட்டார். ஆனால், குருதியைப் பொறிக்குக் கொண்டு செல்ல ஒவ்வொரு முறையும் குருதிக்குழாயை அறுக்க வேண்டியிருந்தது. அறுத்த இடம் மீண்டும் பயன்படவில்லை. உடலில் இடம் தீர்ந்ததும் மருத்துவம் நின்றது. 1960இல் சியாட்டில் நகர மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், டெஃப்லான் குழாய்களைக் கையில் நிலையாகப் பொருத்தினார். நோயாளிகள் ஆண்டுக்கணக்கில் வாழ வழி பிறந்தது. எனினும், தோலுக்கு வெளியே நின்ற அக்குழாயில் கிருமி தொற்றியது, குருதி உறைந்தது.

குழாயே வேண்டாம் என்று எண்ணியவர்கள் நியூயார்க் மருத்துவர்களான சிமினோ, பிரெசியா ஆகியோர். காயத்தால் தமனியும் சிரையும் இணைந்துவிட்டவர்களுக்குச் சிரை பருத்திருப்பதை மருத்துவ உலகம் முன்பே அறிந்திருந்தது. விபத்து செய்வதை அறுவை மருத்துவம் ஏன் செய்யக்கூடாது? அறுவை மருத்துவர் ஆப்பெல் மணிக்கட்டருகே இரண்டையும் இணைத்துத் தைத்தார். இம்முறை 1966இல் ஆய்விதழில் வெளியாயிற்று. இவ்விணைப்பே ஃபிஸ்துலா எனப்படுகிறது.

தமனியில் குருதி விசையுடன் பாய்கிறது. ஆயினும் அதை அடிக்கடி ஊசியால் துளைத்தல் தீங்காகும். சிரை எளிதில் எட்டும். ஆயினும் அதன் ஓட்டம் பொறிக்குப் போதாது. இணைத்தபின் தமனியின் விசை சிரைக்குள் புகுகிறது. சிரை மெல்ல விரிந்து, அதன் சுவர் தடிக்கிறது. இம்முதிர்ச்சிக்கு ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். சிலருக்கு முதிராமலும் போகலாம். நன்கு முதிர்ந்த ஃபிஸ்துலாவில் நிமிடத்திற்கு 600 மில்லிலிட்டர் அளவிலோ அதற்கு மேலோ குருதி ஓடும். அதன்பிறகே வாரம் மூன்று முறை இரண்டு தடித்த ஊசிகளைச் செருகலாம். ஆகவேதான், டயாலிசிஸ் தேவைப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே இந்த அறுவையைச் செய்யுமாறு மருத்துவர்கள் வற்புறுத்துகின்றனர். காலந்தாழ்த்தி வருவோருக்குப் பெரும்பாலும் கழுத்துச் சிரையில் குழாய் செருக நேர்கிறது. அதிலோ தொற்றின் அச்சம் மிகுதி.

பெரும்பாலும், அதிகம் பயன்படுத்தாத கையே தேர்ந்தெடுக்கப்படுகிறது. அந்தக் கையில் இரத்த அழுத்தம் அளக்கக்கூடாது. ஆய்வுக்குக் குருதி எடுக்கக்கூடாது. அதைத் தலைக்கு அடியில் வைத்து உறங்குவதும் கூடாது. தையலின்மேல் விரல் வைத்தால் பூனை உறுமுவது போன்ற மெல்லிய அதிர்வு தெரியும். நோயாளி நாள்தோறும் அதைத் தொட்டுப் பார்க்கிறார். அதிர்வு நின்றிருந்தால் உள்ளே குருதி உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.